வீட்டுத் தோட்டத்துக்கு எந்த மோவர் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்தரை போட்டு, தண்ணீர் விட்டு, அது பச்சைப் பசேலென்று வந்த பிறகுதான் பலருக்கும் இந்தக் கவலை வருகிறது. இதை எதை வைத்து வெட்டுவது? கடையில் கேட்டால் எஞ்சின் பெரிதாக உள்ளதைத்தான் முதலில் உருட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள். நான் இதுவரை மூன்று மோவர், அதாவது புல் வெட்டும் இயந்திரம், வாங்கியிருக்கிறேன், முதல் இரண்டும் தப்பான தேர்வு. தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே பதில்களோடு எழுதி வைக்கிறேன்.

வாங்குவதற்கு முன் முதலில் எதை யோசிக்க வேண்டும்?

எத்தனை நாளைக்கு ஒருமுறை வெட்டுவீர்கள் என்பதை. வெட்ட வேண்டும் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள், உண்மையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை இறங்குவீர்கள் என்பதுதான் கணக்கு. தோட்டத்தின் அளவு, விலை, பிராண்டு எல்லாம் இதற்குப் பிறகு.

காரணம் இதுதான். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. புல் தனக்கு வேண்டிய உணவை இலையில்தான் தயாரிக்கிறது. பாதிக்கு மேல் வெட்டிவிட்டால் வேரில் சேர்த்து வைத்ததை எடுத்து மறுபடி இலை விட வேண்டியிருக்கும், வேர் மெலியும். அப்படியென்றால் 4 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க விரும்பும் புல்லை 6 செ.மீ. வருவதற்குள் வெட்டிவிட வேண்டும். நன்றாக வளரும் பருவத்தில் அது வாரம் ஒருமுறை என்று ஆகிவிடும்.

வாராவாரம் இறங்குகிறவர் என்றால் லேசான, சத்தமில்லாத, சின்ன மோவரே போதும். மாதம் ஒருமுறைதான் நேரம் கிடைக்கும் என்றால் 12 செ.மீ. வளர்ந்து சாய்ந்து கிடக்கும் புல்லை அடித்துத் தள்ளும் பலம் இயந்திரத்துக்கு வேண்டும். ஒரே தோட்டம்தான், ஆளைப் பொறுத்து இயந்திரம் மாறிவிடும். வெட்டப்போவது நீங்கள் இல்லை, வேலைக்கு வரும் ஒருவர் என்றால் அவர் எப்போது வருவார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

என் புல்தரை மிகச் சின்னது. மோவரே வேண்டுமா?

இரண்டு பாய் விரித்த அளவுதான் என்றால் புல் வெட்டும் கத்தரியே போதும். அதைவிடக் கொஞ்சம் பெரிது, 20 சதுர மீட்டர் அளவில் இருக்கிறது என்றால் உருளைக் கத்தி உள்ள சின்ன ரீல் மோவர் ஒன்று வாங்குங்கள். பலரும் இதற்கு நைலான் நரம்பு சுழலும் டிரிம்மரை வாங்கிவிடுகிறார்கள். சுவர் ஓரம், மரத்தடி, படிக்கட்டுப் பக்கம் இவற்றுக்கு டிரிம்மரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் முழுத் தரையையும் அதில் வெட்டினால் கை ஆடும் இடமெல்லாம் மேடு பள்ளமாக, சரியாக முடி வெட்டாத தலை மாதிரி ஆகிவிடும். மரத்தடியில் பயன்படுத்தும்போதும் நரம்பு பட்டைமேல் படாமல் பாருங்கள். சுற்றிலும் பட்டை உரிந்தால் இளம் மரம் செத்தே போகும்.

ரீல், ரோட்டரி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ரீல் மோவரில் ஓர் உருளையைச் சுற்றி ஐந்து முதல் ஏழு கத்திகள் திருகலாக இருக்கும். அடியில் அசையாத ஒரு நீளக் கத்தி. உருளை சுற்றும்போது புல் இரண்டுக்கும் நடுவே மாட்டி, கத்தரிக்கோலில் வெட்டுவது போலவே நறுக்கென்று வெட்டுப்படும். இதுதான் மிகப் பழைய வகை. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை மட்டமாகச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை. அதற்கு முன் புல்தரை வைத்திருந்தவர்களுக்கு அரிவாளும் ஆடுகளும்தான். அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

ரோட்டரி மோவரில் ஒரே ஒரு பிளேடு, தரைக்கு இணையாக, மின்விசிறி இறக்கை போலச் சுழலும். எதிர்க் கத்தி கிடையாது. வேகத்தில்தான் வெட்டு. நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று. பிளேடின் ஓரம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும், அது காற்றை இழுத்துச் சாய்ந்த புல்லை நிமிர்த்திவிடும். உயரமான புல், களை, காய்ந்த இலை, சின்னக் குச்சி எல்லாவற்றையும் சமாளிக்கும்.

வெட்டின் அழகில் ரீல்தான் ஜெயிக்கும். வெட்டிய நுனியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். ரீலில் வெட்டியது நேர்க்கோடாக இருக்கும். ரோட்டரியில், அதுவும் பிளேடு மழுங்கியிருந்தால், நுனி கிழிந்து நார் நாராக நிற்கும். இரண்டு நாளில் அந்த நார் பழுப்பாகி, தூரத்திலிருந்து பார்க்கும்போது தரை முழுவதும் வெளுத்த மாதிரி தோன்றும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் விடுவார்கள், உண்மையில் கேட்டது சாணை.

அப்படியானால் ரீல் மோவரே வாங்கிவிடலாமா? மின்சாரமும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாமே.

நானும் அப்படித்தான் நினைத்து முதல் மோவரை வாங்கினேன். கையால் தள்ளுவது, ஐந்து கத்தி. முதல் மாதம் அருமையாக இருந்தது. காலையில் யாரையும் எழுப்பாமல் சரக் சரக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு பயணம், திரும்பி வந்ததும் காய்ச்சல், மூன்று வாரம் போய்விட்டது. புல் கணுக்காலைத் தாண்டி நின்றது. மோவரைத் தள்ளினால் முன்சக்கரம் புல்லை மடக்கிப் படுக்க வைக்கிறது, கத்தி அதன் மேலேயே ஏறிப் போகிறது. போன பிறகு புல் மெதுவாக எழுந்து நிற்கிறது! கடைசியில் டிரிம்மர் ஒன்றைக் கடன் வாங்கி முதலில் உயரத்தைக் குறைத்து, அதற்கு மேல் ரீலை ஓட்டினேன்.

ஆக, தரை சமமாக, புல் மெல்லிய வகையாக, நீங்கள் தவறாமல் வெட்டுகிறவராக இருந்தால் ரீல் வாங்குங்கள். பென்சில் பருமன் குச்சி ஒன்று போதும், உருளை சட்டென்று நின்று கைப்பிடி வயிற்றில் இடிக்கும். மரங்கள் நிறைந்த தோட்டத்துக்கு இது ஒத்துவராது.

இன்னொன்று, உருளைக் கத்திக்கும் அடிக்கத்திக்கும் உள்ள இடைவெளியை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். ஒரு துண்டுச் செய்தித்தாளை இரண்டுக்கும் நடுவே கொடுத்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு உருளையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தாள் சுத்தமாக வெட்டுப்பட்டால் சரி. மடிந்து உள்ளே போனால் இடைவெளி அதிகம். இரும்பு இரும்போடு உரசித் தள்ளவே கனமாக இருந்தால் மிக இறுக்கம். ஒரு முனையில் வெட்டி மறுமுனையில் வெட்டாமல் போவதும் உண்டு, அதனால் நீளம் முழுவதும் மூன்று நான்கு இடத்தில் பாருங்கள்.

வயர், பேட்டரி, பெட்ரோல் - மூன்றில் எது?

வயர் இணைப்புள்ள மின்சார மோவர் லேசானது, மூன்றிலும் பொதுவாக மலிவானது, சார்ஜ் தீருகிற கவலை இல்லை. தொல்லை வயர்தான். பிளக் இருக்கும் பக்கத்தில் தொடங்கி விலகி விலகிப் போக வேண்டும், வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தில் கிடக்க வேண்டும். நடுவில் மரமோ பூப்பாத்தியோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வயரை எடுத்து அந்தப் பக்கம் போட்டே தோள் வலிக்கும். நீட்டிப்பு வயர் மெல்லியதாக இருந்தால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் விரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுற்றியபடியே விட்டால் உள்ளே சூடேறி உறை உருகும். கசிவு மின்சாரம் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாத இணைப்பில் இதை ஓட்டவே ஓட்டாதீர்கள். இரண்டு மரம் கூட இல்லாத, செவ்வகமான, வீட்டை ஒட்டிய புல்தரைக்கு இது நல்ல தேர்வுதான்.

பெட்ரோல் மோவருக்குப் பலம் அதிகம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். பெரிய இடம், முரட்டுப் புல், ஈரப் புல் என்றால் இன்றும் அதுதான் கை கொடுக்கும். பதிலுக்கு அது உங்களிடம் கேட்பதும் அதிகம். எண்ணெய் மாற்று, ஏர் ஃபில்டரைத் தட்டு, ஸ்பார்க் பிளக்கைப் பார், பெட்ரோலைப் பழையதாக விடாதே என்று ஒரு குட்டி வண்டியைப் பராமரிக்கிற வேலை. புது எஞ்சினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் பொதுவாக 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, அதன்பின் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. கடையிலிருந்து வரும்போது பல மோவர்களில் எஞ்சின் எண்ணெய் ஊற்றியிருக்க மாட்டார்கள். அதைப் பார்க்காமல் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் முதல் நாளே எஞ்சின் போய்விடும்.

பேட்டரி மோவர் இப்போது நடுத்தர வீட்டுத் தோட்டங்களுக்குப் போதுமான அளவு வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். மடக்கிச் சுவரில் சாய்த்து வைக்கலாம். எனது மூன்றாவது மோவர் இந்த வகைதான், மாற்றும் எண்ணம் இல்லை. செலவெல்லாம் பேட்டரியில்தான். சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு குறையும், மாற்றும்போது மோவர் விலையில் கணிசமான பங்கு ஆகும். அதனால் அதே பேட்டரி பொருந்தும் டிரிம்மர், இலை ஊதும் கருவி, டிரில் ஏதாவது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே வரிசையில் மோவர் வாங்குவது நல்லது, பேட்டரி இல்லாமல் வெறும் இயந்திரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

பேட்டரிப் பெட்டியில் 40 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

இரண்டையும் பெருக்குங்கள், அதுதான் பேட்டரியில் உள்ள மொத்தச் சரக்கு. 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 144 வாட் மணி. மோட்டார் சராசரியாக 400 வாட் இழுத்தால் 20 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். அடர்த்தியான ஈரப் புல்லில் அதே மோட்டார் இன்னும் அதிகமாக இழுக்கும், நேரம் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் "45 நிமிடம் வரை" என்பதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

40 வோல்ட் என்று விற்பதும் 36 வோல்ட் என்று விற்பதும் பெரும்பாலும் ஒன்றே. உள்ளே 3.6 வோல்ட் செல்கள் பத்து வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் உள்ள உச்ச அளவைச் சொல்லி ஒருவர் விற்கிறார், சராசரி அளவைச் சொல்லி இன்னொருவர் விற்கிறார். வோல்ட்டை மட்டும் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

வெட்டு அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பெரிதாக இருந்தால் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம் உள்ள புல்தரை. ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் மேல் 5 செ.மீ. படியும்படி ஓட்டுகிறோம். 30 செ.மீ. மோவரில் 40 வரி, 800 மீட்டர் நடை. 40 செ.மீ. மோவரில் 29 வரி, 580 மீட்டர். சாதாரணமாக நடந்தால் முதலாவது 16 நிமிடம், இரண்டாவது 12 நிமிடம். திருப்புகிற நேரத்தையும் சேர்த்தால் ஐந்து ஆறு நிமிட வித்தியாசம்.

அந்த ஐந்து நிமிடத்துக்காக அகலமான மோவரை வாங்கி, அது இரண்டு பாத்திகளுக்கு நடுவே நுழையாமல் போனால் மீதியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தின் மிகக் குறுகிய வழியை அளங்கள். கேட், படி, கொட்டகைக் கதவு எல்லாவற்றையும்தான். மோவரின் வெளி அகலம் வெட்டு அகலத்தைவிடச் சில செ.மீ. அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

பொதுவாக 100 சதுர மீட்டர் வரை 30 முதல் 35 செ.மீ., அதிலிருந்து 400 வரை 37 முதல் 43, அதற்கு மேல் 46 அல்லது 50 என்று வைத்துக்கொள்ளலாம். சதுர அடியில் பழகியவர்களுக்கு: 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர்.

வெட்டு உயரத்தை மாற்றும் வசதி அவ்வளவு முக்கியமா?

எஞ்சினைவிட முக்கியம் என்பேன். எந்தப் புல்லுக்கு எந்த உயரம் என்பது புல்லைப் பொறுத்தது. பெர்முடா, அதாவது அருகம்புல் வகை, 2 முதல் 4 செ.மீ.யில் அடர்ந்து படரும். சொய்சியா, கொரியன் புல் வகைகளுக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். அகல இலையுள்ள எருமைப் புல் 6 முதல் 9 செ.மீ. கேட்கும், அதை 3 செ.மீ.க்கு மொட்டையடித்தால் தண்டு மட்டும்தான் மிஞ்சும். குளிர்ப் பகுதிகளில் போடும் ஃபெஸ்க்யூ வகைக்கும் உயரம் வேண்டும்.

இப்போது மோவரைப் பாருங்கள். கையால் தள்ளும் ரீல் மோவர்கள் பலவற்றில் 4 அல்லது 5 செ.மீ.க்கு மேல் உயர்த்த முடியாது. எருமைப் புல் போட்டவர் அதை வாங்கினால் பணம் வீண். மலிவான ரோட்டரி மோவர்கள் சிலவற்றில் உயரத்தை மாற்ற நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகக் கழற்றி மாட்ட வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள், வாங்கிய நாளில் வைத்த உயரத்திலேயே கடைசிவரை ஓடும். ஒரே லீவரில் நான்கு சக்கரமும் ஏறி இறங்குவதாக எடுங்கள். வெயில் காலத்தில் ஒரு படி உயர்த்திவிட்டால் மண்ணுக்கு நிழல் கிடைக்கும், ஈரம் நிற்கும்.

வெட்டிய புல்லைச் சேர்க்கும் பை வேண்டுமா, மல்ச்சிங் வேண்டுமா?

மல்ச்சிங் என்றால் வெட்டிய புல்லை, பிளேடை மூடியிருக்கும் உறையான டெக்குக்குள்ளேயே மறுபடி மறுபடி வெட்டிப் பொடியாக்கித் தரையிலேயே தூவிவிடுவது. வாராவாரம் வெட்டுகிறவருக்கு இதுதான் சிறந்தது. அந்தப் பொடி சில நாட்களில் மக்கி, தழைச்சத்தாகப் புல்லுக்கே திரும்பும். உரச் செலவில் ஒரு பகுதி மிச்சம். அப்படி விட்டால் அடியில் நார்ப்படலம் சேரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் படலம் முக்கியமாக மக்காத வேர், தண்டுகளால் சேர்வது. இலைப்பொடி மக்கிவிடும்.

உயரமாக வளர்ந்த புல்லிலும் ஈரப் புல்லிலும் மல்ச்சிங் எடுபடாது, கட்டி கட்டியாக விழும். கட்டி விழுந்த இடத்தில் அடிப்புல் மஞ்சளாகும். அந்த நாட்களுக்குப் பை வேண்டும். களைகள் விதை பிடித்து நிற்கும் சமயத்திலும் பையில் சேர்ப்பதே நல்லது. ஆகவே இரண்டும் செய்யக்கூடிய மாடலாக, வெளியேறும் வழியை அடைக்க ஒரு அடைப்பானோடு வருவதாக வாங்குங்கள். பை துணி வலையாக இருந்தால் காற்று நன்றாகப் போகும், நிரம்பும்வரை அடைக்காது. கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி கழுவச் சுலபம்.

டெக் இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

இரும்பு அடி தாங்கும், ஆனால் ஈரப் புல் ஒட்டிக்கொண்டே இருந்தால் துரு ஏறி ஓட்டை விழும். அலுமினியம் துருப்பிடிக்காது, விலை கூடும். சின்ன மோவருக்கு நல்ல கெட்டிப் பிளாஸ்டிக் போதும், லேசாகவும் இருக்கும்.

என் நிலம் சரிவாக இருக்கிறது.

தள்ளும் மோவரைச் சரிவுக்குக் குறுக்காக ஓட்டுங்கள், மேலும் கீழுமாக வேண்டாம். மேலே ஏற்றும்போது கால் வழுக்கினால் மோவர் உங்கள் மேல் வரும், இறக்கும்போது வழுக்கினால் நீங்கள் அதன் மேல் போவீர்கள். உட்கார்ந்து ஓட்டும் மோவருக்கு இது நேர் தலைகீழ்: குறுக்காகப் போனால் கவிழும், மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். அதுவும் சரிவு 15 டிகிரியைத் தாண்டினால் அதை இறக்கவே கூடாது.

சரிவில் பெட்ரோல் மோவர் கனம் தெரியும். தானே நகரும் வகை உதவும். அதில் பின்சக்கரம் இழுப்பதை எடுங்கள். முன்சக்கரம் இழுப்பது திருப்பச் சுலபம்தான், ஆனால் பை நிரம்பிப் பின்பக்கம் கனத்ததும் முன்சக்கரம் பிடி இல்லாமல் சுற்றும்.

சக்கரமே இல்லாமல் மிதக்கும் மோவர் ஒன்று பார்த்தேன்.

ஹோவர் மோவர். உள்ளே உள்ள விசிறி காற்றைக் கீழே தள்ளுவதால் தரைக்கு மேல் மெல்லிய காற்று மெத்தையில் நிற்கும். எந்தப் பக்கமும் தள்ளலாம், மேடு, கரை, ஒழுங்கில்லாத மூலை எல்லாவற்றுக்கும் பொருந்தும். நேர்க்கோடு வராது. உயரம் மாற்ற பெரும்பாலும் பிளேடுக்கும் விசிறிக்கும் நடுவே வளையம் சேர்க்கவோ கழற்றவோ வேண்டும்.

ரோபோ மோவர் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

நான் முதலில் சொன்ன கேள்விக்கு அது தன் வழியில் பதில் சொல்லிவிடுகிறது. தினமும் வெளியே வந்து சில மில்லிமீட்டர் மட்டும் சீவிவிட்டுப் போகிறது, உங்கள் சோம்பல் கணக்கில் வருவதே இல்லை. அதனால்தான் சவரக்கத்தி போன்ற குட்டிக் கத்திகளும் சின்ன மோட்டாரும் அதற்குப் போதுமாகின்றன. தரை அடர்த்தியாக, ஒரே சீராக வரும்.

ஆனால் நிறுவும் வேலை உண்டு. பல மாடல்களுக்குத் தோட்டத்தைச் சுற்றி எல்லைக் கம்பி பதிக்க வேண்டும். புதியவை செயற்கைக்கோள் வழியாகவோ கேமராவாலோ வழி கண்டுபிடிக்கின்றன. அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் உயரமான சுவர்களுக்கு நடுவிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறும். கல், மேடு பள்ளம், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள் இறைந்து கிடக்கும் தோட்டத்தில் அது பாதி நேரம் மாட்டிக்கொண்டு நிற்கும். இரவில் ஓட விடாதீர்கள், அந்த நேரத்தில்தான் சின்னப் பிராணிகள் புல்லில் இரை தேடும். ஓரங்களை இதுவும் வெட்டாது, டிரிம்மர் எப்படியும் வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டும் மோவர்?

அரை ஏக்கருக்குக் கீழே வேண்டாம். நிறுத்தி வைக்கவே ஒரு கொட்டகை கேட்கும்.

பாதுகாப்புக்கு எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கைப்பிடியை விட்டதும் பிளேடு நின்றுவிட வேண்டும். அமெரிக்காவில் நடந்து தள்ளும் ரோட்டரி மோவர்களுக்கு 1982 முதல் இது விதி: பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் கடையிலேயே ஓட்டச் சொல்லி, பிடியை விட்டு மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 46 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 260 கி.மீ. வேகத்தில் போகிறது. அதில் பட்ட கூழாங்கல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணாடி அப்படித்தான் போனது. ஒரு சுண்டைக்காய் அளவு ஜல்லிதான், பத்து மீட்டர் தள்ளி நின்ற ஜன்னல். அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் ஒருமுறை தரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். குழந்தைகள் வெளியே இருந்தால் தொடங்குவதே இல்லை. செருப்போடு வெட்டாதீர்கள், மூடிய ஷூ போடுங்கள். பெட்ரோல் மோவர் சத்தம் 85 டெசிபலைத் தாண்டும், காது மூடியும் வேண்டும். பிளேடைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். பேட்டரி என்றால் பேட்டரியையும் சாவியையும் வெளியே எடுத்துவிடுங்கள். மோவரைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல் பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும்.

பிளேடை எப்போது சாணை பிடிக்க வேண்டும்?

ஏறக்குறைய 25 மணி நேரம் ஓடியதும், அல்லது புல் நுனி நாராகத் தெரிந்ததும். அரம் வைத்து வீட்டிலேயே செய்யலாம். ஏற்கெனவே உள்ள சாய்வைப் பின்பற்றித் தேய்த்தால் போதும், கத்தி போலக் கூராக்க வேண்டாம். முடிந்ததும் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். எடை சமமில்லாத பிளேடு மோவரையே நடுங்க வைத்து, நாளடைவில் பிளேடைச் சுழற்றும் இரும்புத் தண்டைக் கெடுக்கும்.

பெட்ரோல் மோவர் சில மாதம் சும்மா இருந்தது. இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை.

பத்துக்கு எட்டு தடவை பழைய பெட்ரோல்தான் காரணம் என்பது என் அனுபவம். மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் மெல்லிய துளையை அடைத்துவிடும். எத்தனால் கலந்தது ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இனி நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பேட்டரி என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பழைய மோவர் வாங்கலாமா?

வாங்கலாம், என் இரண்டாவது மோவர் அப்படி வந்ததுதான். விற்றவர் நான் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தார், ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை இருபது தடவை இழுத்தும் சத்தமே இல்லை. ஆகவே போனதும் எஞ்சின்மேல் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை பேசிக்கொண்டிருங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். புகை நீலமாக வந்து நிற்காமல் போனால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

ஓடும்போது கைப்பிடி கை மரத்துப்போகும் அளவுக்கு நடுங்கினால் நிறுத்திவிட்டு, பிளக் வயரைக் கழற்றி, பிளேடைக் கையுறையோடு மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடின் ஒரு நுனி டெக் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே இடத்துக்கு மறு நுனி வரும்போதும் அதே இடைவெளி இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் பிளேடு வளைந்திருக்கிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது. பிளேடு என்றால் மாற்றிக்கொள்ளலாம். தண்டு என்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.